பட்டயம் பின்னால் வரும்

“இந்தக் கையெழுத்து யாரோடது? உன் பூனையோடதா?”

ரோண்டா ட்வைட் இதைக் கேட்ட குரலுக்கு, மேலே ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களைப் பழகிக்கொண்டிருந்த லூத்தரன் தேவாலயப் பாடகர்கள் ஒரு வரியைத் தவறவிட்டார்கள். கீழே அடித்தளக் கூடத்தில், பெரிய காபிப் பாத்திரத்துக்கு இந்தப் பக்கம் ரோண்டா, அந்தப் பக்கம் வெர்னா சோப்சாக். நடுவில் மேஜைமேல் ஒரு பழைய பட்டியல்.

“என் பூனை உன்னைவிட நல்லா எழுதும்,” என்றாள் வெர்னா. “அது என் கையெழுத்து இல்ல.”

“மூரென்னு போட்டிருக்கு. சுத்துப்பட்டு மூணு மாவட்டத்துல மூரென் யாரு, நானா?”

மூரென் வெர்னாதான். வார நாட்களில் அவள் பள்ளிப் பேருந்து டிப்போவில் உட்கார்ந்து, எந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று கத்துகிறவள். சனிக்கிழமை வந்தால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஐரிஷ்காரி. எங்கள் ஊரான ஓட்டர் க்ரீக்கில் பாதிப் பேர் அந்தக் காலத்துப் பெயரும் வேஷமும் போட்டு ராஜசபை நடத்துகிற சங்கத்தில் இருப்பதால், இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. குழாய் ரிப்பேர் செய்கிறவர் இங்கே ராஜா. பிரம்பு வாள் சண்டையில் மற்றவர்களை அடித்து வாங்கிய பட்டம், ஆறு மாசம் செல்லும். பாலாடைக்கட்டி ஆலையில் பாக்டீரியா எண்ணுகிற அவர் மனைவி ராணி. ராஜாவும் ராணியும் இருந்தால் விருது கொடுப்பார்கள். விருது என்றால் பட்டயம் வேண்டும். பட்டயம் வேண்டுமென்றால், செவ்வாய்க்கிழமை தோறும் இந்த அடித்தளத்தில் கூன் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலத்து ஐரிஷ் துறவிகள் எழுதிய மாதிரியே எழுதி, ஓரமெல்லாம் முடிச்சு பின்னி, முதலெழுத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைக்க நாலைந்து பேர் வேண்டும். யாருக்கு எந்தப் பட்டயம் என்று பிரித்துக் கொடுப்பது ரோண்டாவின் பொறுப்பு. பொறுப்பு என்று ஒன்றை அவளிடம் கொடுத்தால் அது ராணுவமாகிவிடும் என்பது வேறு விஷயம்.

அந்த வாரம் அவள் தன் கார் ஷெட்டைச் சுத்தம் செய்யப்போய், பதினான்கு வருஷத்துக்கு முந்தைய பட்டியல் கிடைத்துவிட்டது. அதில் ஆர்லன் ஹௌகென் என்ற பெயர். பக்கத்தில் ‘எடுத்துக்கொண்டவர்: மூரென்’. அதற்குப் பக்கத்தில் ‘முடிந்தது’ என்ற கட்டம். கட்டம் காலி.

வெர்னா முதலில் அது தன் கையெழுத்தே இல்லை என்றாள். பிறகு, எடுத்தது உண்மைதான், வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றாள். பிறகு காபி தீய்ந்துவிட்டது என்றாள். மூலையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் தலையைத் தூக்கிக் கேட்டதில், ஓரத்தில் வரைந்திருந்த ஒரு பன்றிக்குட்டியின் காதுக்குள் வேண்டாத இடத்தில் மூன்று புள்ளி விழுந்துவிட்டது.

“இன்னும் பதிமூணு நாள்ல அவரு அரிசோனா போறாரு,” என்றாள் ரோண்டா. இப்போது குரல் இறங்கியிருந்தது. அதுதான் இன்னும் மோசம். “மக வீட்டுக்கு. முட்டி ரெண்டும் போச்சு. இருபது வருஷமா நம்ம எல்லாரோட சட்டியையும் கழுவின மனுஷன். கையில ஒண்ணும் இல்லாம போறாரு. அடுத்த சனிக்கிழமை அறுவடை விருந்துதான் அவருக்குக் கடைசி. முடியுமா முடியாதா, சொல்லு.”

வெர்னா தூரிகையைத் துடைத்தாள். வண்ணப் பெட்டியை மூடினாள், கோட்டை மாட்டினாள், படியேறினாள். அவள் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக் தட்டு மேஜையிலேயே இருந்தது. நம்மூரில் ஒருத்தி தன் தட்டை விட்டுவிட்டுப் போகிறாள் என்றால், அடி ஆழமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டு டாக்டருக்குக்கூட அது புரிந்தது. ஆனாலும் அவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், அந்தப் பட்டயம் எங்கே இருக்கிறது என்று வெர்னாவுக்கு நன்றாகத் தெரியும். படுக்கையறை மேஜையில், அடி இழுப்பறையில், குளிர்கால விரிப்புகளுக்குக் கீழே. பதினான்கு வருஷமாக அந்த இழுப்பறையை அவள் திறப்பதில்லை. விரிப்பு வேண்டுமென்றால் புதிதாக வாங்கிவிடுவாள்.

ஆர்லனுக்கு விருது அறிவித்த அந்த அக்டோபர் விருந்தில் பட்டயம் தயாராகவில்லை. அது குற்றமில்லை, அடிக்கடி நடப்பதுதான். அப்படி நடந்தால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிச் சுருட்டி ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு அச்சாரத் தாள் என்று பெயர். வெர்னா பத்து நிமிஷத்தில் கைக்குக் கிடைத்த தாளை எடுத்தாள். யார் யார் என்ன சமைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று குறித்த தாள். அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் துறவிகளின் எழுத்தில், ‘இது பட்டயம் அல்ல. ஆர்லனுக்கு உரிய பட்டயம் பின்னால் வரும். பொறுத்தருள்க’ என்று எழுதி, பழக்க தோஷத்தில் முதலெழுத்தைச் சுற்றி நாலு வரிசை சிவப்புப் புள்ளியும் வைத்துக் கொடுத்தாள். ஒரு மாசத்தில் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.

நவம்பரில் அவள் புருஷன் ஜெரோம் போய்விட்டான். ஃபுளோரிடாவுக்கு. ஏரி உறைகிற நேரத்தில் படகை லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனான். மனைவியை விட்டதைவிட, அந்தக் குளிரில் படகை மூடாமல் கொண்டுபோனதுதான் ஊரில் அதிகம் பேசப்பட்டது. அடுத்த வாரம் முதல் பனி விழுந்தது, முழங்கால் உயரத்துக்கு. காலை ஐந்தரைக்கு டிப்போவில் இருக்க வேண்டியவள் மண்வாரியோடு கதவைத் திறந்தால், வாசலிலிருந்து தெரு வரைக்கும் வழி சுத்தமாக இருந்தது. எதிர் வீட்டு ஆர்லன் தன் பனி தள்ளும் எந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“மெஷின் ஓடிட்டுதான் இருந்துச்சு,” என்றார் அவர். போய்விட்டார்.

அப்புறம் பதினான்கு குளிர்காலம். ஒவ்வொரு பனிக்கும் அதே. ஒரு நாள்கூட அவர் உள்ளே வந்து ஒரு வாய் காபி குடித்ததில்லை. கூப்பிட்டால் பூட்ஸ் ஈரம் என்பார். நன்றி சொன்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது என்பார். நன்றி சொல்ல இடம் கொடுக்காத மனிதரிடம் எப்படித்தான் நன்றி சொல்வது? வெர்னாவுக்குத் தெரிந்த ஒரே வழி தூரிகை. அதனால் ஆர்லனின் பட்டயம் சாதாரணப் பட்டயமாக இருக்க முடியாது என்று முடிவு செய்தாள். தாளை ஒதுக்கிவிட்டு, துறவிகள் எழுதிய மாதிரி நல்ல கன்றுத்தோல் ஒன்றை யானை விலை கொடுத்து வாங்கினாள். நாலு ஓரமும் ஒரே இழையால் பின்னிய முடிச்சு. அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை.

சிக்குக் கோலம் போட்ட கைக்கு இது சட்டென்று புரியும். இழை ஒரு தடவை மேலே போனால் அடுத்த தடவை கீழே போக வேண்டும். மேலே, கீழே, மேலே, கீழே. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே தன் வாலைப் பிடிக்க வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள், வலது ஓரத்தில் முக்கால்வாசி இறங்கியபோது, வெர்னா அசந்துவிட்டாள். மேலே, மேலே. அதைக் கவனிக்காமல் இன்னும் ஒரு சாண் நீளம் பின்னி, வண்ணமும் தீட்டிவிட்டாள். மூலைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு முனையும் ஒன்றோடொன்று பேச மறுத்தன. சுரண்டலாம், ஒரு சாண் நீளத்தைச் சுரண்டினால் தோல் பஞ்சாகிவிடும். அவளால் அதைப் பார்க்கவே முடியவில்லை. வேறு யாருக்காவது என்றால் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பாள். இவருக்குப் பிழையோடு கொடுப்பதா? இழுப்பறையில் போட்டாள். வசந்தத்தில் புதிதாகத் தொடங்கலாம் என்று நினைத்தாள். எந்த வசந்தம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இருநூற்றுச் சொச்சம் பட்டயம் எழுதியிருக்கிறாள். இரண்டே விருந்துக்கு வந்துவிட்டுக் காணாமல் போனவனுக்கெல்லாம் எழுதினாள். தெருவைத் தாண்டினால் இருக்கிற ஒருத்தருக்கு மட்டும் எழுதவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் தெருவைத் தாண்டினாள். மறுபடி ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கோடு. ஒப்புக்கொண்டுவிட வேண்டும், அவ்வளவுதான்: முடியவில்லை ஆர்லன், மன்னித்துவிடுங்கள் என்று.

முப்பது வருஷம் எதிரெதிரே இருந்தும் ஆர்லனின் சமையலறைக்குள் அவள் அன்றைக்குத்தான் முதல்முறை நுழைந்தாள். நம்மூரில் எல்லாப் பேச்சும் கார் ஷெட்டு வாசலிலேயே முடிந்துவிடும். உள்ளே பாதி வாழ்க்கை அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. சுவர் காலி. தீவனக் கடைக் காலண்டரைக்கூடக் கழற்றிவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் ஆணியில் இருந்தது. நல்ல ஓக் மரச் சட்டம், கண்ணாடி, உள்ளே நாலு வரிசைச் சிவப்புப் புள்ளி. தாள் மஞ்சளாகிவிட்டதால், பின்பக்கத்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது: ‘அவித்த பீன்ஸ் – மார்ஜ்.’

வெர்னா தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

“அதை மட்டும் பெட்டில போடல,” என்றார் ஆர்லன். முட்டியைப் பிடித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். “கார்ல முன் சீட்ல வெச்சுத்தான் கொண்டுபோகப் போறேன். பெல்ட் போட்டு.”

“அது…” என்றாள் வெர்னா.

“போன வாரம் கேஸ் சிலிண்டர் போடறவன் வந்தான். என்ன எழுதியிருக்குன்னு கேட்டான். வெர்னா எழுதினா நல்லதாத்தான் எழுதியிருப்பான்னு சொன்னேன்.”

எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதற்குமேல் ஒப்புக்கொள்வது? அந்த எழுத்தைப் பழகாதவர் கண்ணுக்கு ஆங்கில ஜி என்பது ஐந்தாம் எண் மாதிரி இருக்கும், எஸ் என்பது ஆர் மாதிரி இருக்கும், ஆர் என்பது ‘என்’ எழுத்து மாதிரி இருக்கும். சபையில் படிக்கிற கட்டியக்காரரே தட்டச்சு செய்த பிரதி ஒன்றைப் பின்னால் ஒட்டிக்கொடுத்தால்தான் படிப்பார். ஆக, இந்த மனிதர் ‘இது பட்டயம் அல்ல’ என்பதைப் பட்டயம் என்று நம்பி, ஓக் மரத்தில் சட்டம் போட்டு, பதினான்கு வருஷமாக அதன் கீழே உட்கார்ந்து முட்டை தின்றிருக்கிறார். வெர்னா கேக்கைக் கொடுத்துவிட்டு, வானிலை பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, வெளியே வந்து தன் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே காரில் ஏறினாள்.

ரோண்டாவுக்கு மெயின் தெரு ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலக்கிற வேலை. வெர்னா போனபோது அவள் ஒருத்தருக்கு வெளிர்பச்சை கலக்கிக்கொண்டே, சனிக்கிழமை சபையில் என்ன செய்யப்போகிறாள் என்று அந்த வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினான்கு வருஷ பாக்கி என்று கட்டியக்காரர் கர்டிஸ் முழங்கப் போகிறாராம். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை இரவுக்குள் அவள் இருபத்தாறு பேருக்கு போன் போட்டு முடித்துவிட்டிருந்தாள்.

அதை நிறுத்தச் சொன்னாள் வெர்னா. முடியாது என்றாள் ரோண்டா. ஆணி வாங்க வந்த இரண்டு பேர் ஆணியை விட்டுவிட்டுப் பக்கத்து வரிசையில் ஒதுங்கி நின்றார்கள். சோம்பேறித்தனத்தை மூடி மறைக்கப் பார்க்கிறாள் என்று ரோண்டா சொன்னாள். ஊருக்கெல்லாம் ஒலிபரப்பாமல் உனக்குச் சாப்பாடு இறங்காது என்று வெர்னா சொன்னாள். கடைசியில் வேறு வழியில்லாமல் சமையலறைச் சுவரைப் பற்றிச் சொன்னாள். ஓக் மரச் சட்டம். முன் சீட்டு. பெல்ட். மார்ஜின் பீன்ஸ்.

ரோண்டா பெயிண்ட் கலக்கும் எந்திரத்தை நிறுத்தினாள். அவள் பேசாமல் இருந்து அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. ஆணிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பெல்ட் போட்டா?” என்றாள்.

“ஆமா.”

“நானும்தான்டி அந்தக் கட்டத்தைப் பதினாலு வருஷம் பாக்காம விட்டேன்,” என்றாள் ரோண்டா. அவள் தன் தப்பை ஒப்புக்கொண்டது அதுவே முதல். இரண்டாவது இன்னும் நடக்கவில்லை.

பாக்கி என்று அறிவித்தால், சுவரில் இருப்பது வெறும் அச்சாரம் என்று இருநூறு பேர் முன்னால் அவருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கொடுக்காமல் விட்டால் அந்தத் தோலோடு வெர்னா காலமெல்லாம் குடும்பம் நடத்த வேண்டும். ரோண்டா பெயிண்ட் டப்பாமேல் விரலால் தட்டிக்கொண்டு யோசித்தாள். பிறகு போனை எடுத்து ராணியைக் கூப்பிட்டாள். பழைய விருதுக்குப் பட்டயம் என்று ஏன் கொடுக்க வேண்டும்? அதைவிடப் பெரிய விருது ஒன்று சேவைக்கு இருக்கிறதே, அதைப் புதிதாகக் கொடுத்தால்? ராணி ஆலையில் வேலையாக இருந்தாள். ஆர்லனுக்கு அது இன்னும் கிடைக்கவில்லையா, எட்டு வருஷம் முன்னாலேயே கிடைத்திருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்றாளாம். அப்படித்தான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். சட்டி கழுவுகிறவருக்கு வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, சட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரோண்டா வெர்னாவின் வீட்டுக்கு வந்தாள், செவ்வாய்க்கிழமைத் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு. வெர்னா இழுப்பறையைத் திறந்து, தோலை ஜன்னலோரம் வைத்தாள். நடுவில் எழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. நல்லவேளை, அதில் எந்த விருதையும் எழுதலாம். ஓரம் பதினான்கு வருஷம் வெளிச்சம் படாததால் நேற்றுத் தீட்டியது போல இருந்தது. ரோண்டா மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பத்து நிமிஷம் பார்த்தாள்.

“எங்க தப்பு?”

வெர்னா விரலை வைத்துக் காட்டினாள். மேலே, மேலே.

“இதுக்கா,” என்றாள் ரோண்டா. “இதுக்காகவா அந்த மனுஷன் பீன்ஸுக்குக் கீழ உக்காந்து சாப்ட்டாரு?”

வெர்னாவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பூனை கோபித்துக்கொண்டு அறையை விட்டுப் போனது. அந்தத் துறவிகள் மட்டும் என்ன, பிழையே விடாதவர்களா, அவர்கள் ஏன் இடுக்கெல்லாம் ஒரு பிராணியைக் கொண்டுபோய்ச் செருகினார்கள் என்று நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு ரோண்டா போனாள். அது உண்மையோ பொய்யோ, வெர்னாவுக்குப் போதுமானதாக இருந்தது.

மேலே-மேலே வந்த இடத்தில் அவள் ஒரு வளைக்கரடியை வைத்தாள். பெயர்தான் கரடி, வளை தோண்டி வாழும் நம் மாநிலத்துக் குட்டிப் பிராணி. முகத்தில் வெள்ளைப் பட்டை, மண்ணைத் தோண்டுகிற அகலமான கை. இரண்டு இழையையும் அது வாயில் கவ்விக்கொண்டிருந்தது. எது மேலே எது கீழே என்று இனி அதன் பல்லுக்குத்தான் தெரியும். அதன் முன்கை இரண்டும் எதையோ அள்ளிப் பின்னால் வீசிக்கொண்டிருந்தன. பின்னால் சிவப்புப் புள்ளிக்குப் பதிலாக வெள்ளைப் புள்ளி. வரிசை வரிசையாக. பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம்.

பிறகு எழுத்து. ராணி சொன்ன வாசகத்தை நிப்பு நடுங்காமல் எழுதினாள்: இருபது வருஷம், முந்நூறு விருந்துக்கு மேல், கொதிக்கும் தண்ணீர், கரி பிடித்த அண்டா, ஒரு தடவைகூட முகம் சுளிக்காதது. அடியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. யார் படிக்கப் போகிறார்கள்? கட்டியக்காரருக்குத் தட்டச்சுப் பிரதி தனியாகப் போகும். அதில் இந்த வரி இருக்காது. வெர்னா தனக்காக அதை எழுதி முடித்து, நிப்பைக் கழுவினாள்.

சனிக்கிழமை, கண்காட்சி மைதானத்து ஆட்டுக் கொட்டகையில் கொடிகள் தொங்கின. எத்தனை கொடி கட்டினாலும் ஆட்டு வாசனை போகாது. பத்தாம் நூற்றாண்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாங்கள் சமாதானம் சொல்லிக்கொள்வோம். மத்தியானம் ராஜாவும் ராணியும் உட்கார்ந்தார்கள். கர்டிஸ் முன்னால் வந்து நின்றார். வார நாட்களில் மாடு ஏலம் விடுகிறவர். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவர் ஆர்லன் பெயரைச் சொன்னதும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஈர ஏப்ரனோடு, பழைய திரைச்சீலையில் தைத்த அங்கியோடு, ஆர்லன் நொண்டிக்கொண்டு வந்தார். மண்டியிட வேண்டாம் என்றாள் ராணி. இந்த ஒரு தடவை முடியும் என்று சொல்லி, ராஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டே மண்டியிட்டார்.

கர்டிஸ் பட்டயத்தை விரித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி விரித்தார். பின்னால் தட்டச்சுப் பிரதி இல்லை.

அது எங்கே போனது என்பது பிறகு தெரிந்தது. ரோண்டா அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வேறு யாரையோ அதட்டப் போயிருக்கிறாள். பின்பக்கம் காலியான தாள் மேஜையில் கிடந்தால் நம்மூர்க்காரர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்திருந்தார்கள். மார்ஜ் முதல் ஆளாக அவித்த பீன்ஸ் என்று எழுதியிருந்தாள்.

ஏலக்காரருக்கு வாய் அடைத்துப்போனது அபூர்வமான காட்சி. எழுதியவர்களே வந்து படிக்கட்டும் என்றார் ராஜா. ரோண்டா வெர்னாவின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அது உதவியா தண்டனையா என்று சொல்ல முடியாத தள்ளு. இருபத்திரண்டு வருஷத்தில் வெர்னா சபைக்கு முன்னால் நின்று பேசியதில்லை. படித்தாள். அண்டா வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். முகம் சுளிக்காதது வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

“அவ்வளவுதான்,” என்றாள்.

பட்டயத்தை ஆர்லன் கையில் கொடுத்தாள். அவர் மண்டியிட்டபடியே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வளைக்கரடியைப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த வெள்ளைப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டை விரலை அடி வரியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மெதுவாக, ஆனால் ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் படித்தார்:

“பதினான்கு பனிக்காலம் என் வாசலைத் திறந்து வைத்தவருக்கு, நன்றி சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டவள் எழுதியது.”

ராணி கை தட்டினாள், எல்லாரும் தட்டினார்கள், மாட்டு டாக்டர் மூக்கைச் சிந்தினார். வெர்னாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அவளுக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இவருக்குப் படிக்கத் தெரிகிறது.

சபை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். விருது வாங்கிய கையோடு அவர் பாத்திரத்துக்குத் திரும்பியிருந்தார். பட்டயம் உயரமான அலமாரியில், ஈரம் படாமல், துண்டு சுற்றி இருந்தது. வெர்னா ஒரு துண்டை எடுத்து அவர் கழுவினதைத் துடைக்கத் தொடங்கினாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

“முதல் குளிர்காலத்துலயே,” என்றார் ஆர்லன். “நூலகத்துல அந்த எழுத்தைப் பத்தி ஒரு புத்தகம் இருந்துச்சு. ஒரு வாரம் ஆச்சு எனக்கு. அந்த ஜி-தான் ரொம்பப் படுத்திடுச்சு.”

“தெரிஞ்சுமா சட்டம் போட்டீங்க? பட்டயம் இல்லன்னு அதுலயே எழுதியிருக்கு.”

“பின்னால வரும்னும் எழுதியிருந்துச்சு.” ஒரு அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். “சரி, வரட்டும்னு இருந்தேன்.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ மன்னிப்பு கேப்பே. அப்புறம் தெருவுல பாத்தா ரெண்டு பேருக்கும் சங்கடம்.” தண்ணீருக்குள் கையை விட்டு அடுத்த பாத்திரத்தைத் தேடினார். “என் வீட்டுக்காரி டெல்லா செத்து அது மூணாவது வருஷம். வீட்டுக்கு ஒண்ணு வரப்போகுதுன்னு சுவத்துல எழுதி மாட்டியிருக்கறது நல்லாத்தான் இருந்துச்சு. காலைல முட்டை சாப்பிடறப்ப பாப்பேன்.”

வெர்னா ஒரே கரண்டியை நாலு தடவை துடைத்தாள். நன்றி என்றாள். இந்தத் தடவை அவர் மெஷினைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “சரி,” என்று மட்டும் சொல்லி, அடுத்த தட்டை நீட்டினார்.

ஆர்லன் திங்கட்கிழமை காலை கிளம்பினார். முன் சீட்டில் இரண்டு சட்டம், ஒரே பெல்ட்டுக்குள். அவருக்கும் வெர்னாவுக்கும் கல்யாணம் என்று பந்தயம் கட்டிய நாலு பேர் தோற்றார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள்: அரிசோனாவின் டூசானில் ஒரு சமையலறைச் சுவர், கன்றுத்தோல் பட்டயம், அதற்கு மேலே, கொஞ்சம் உயரத்தில், மார்ஜின் பீன்ஸ். எதிர் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி குடிவந்தது. முதல் பனிக்கு அந்தப் பெண் கதவைத் திறந்தபோது வாசல் சுத்தமாக இருந்ததாம். வெர்னா, ஆர்லன் விட்டுப்போன எந்திரத்தைத் திருப்பிக்கொண்டு, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றாளாம்.

கல்யாணம் நடந்தது ரோண்டாவுக்கு. காணாமல் போன தட்டச்சுப் பிரதி யார் தப்பு என்று கர்டிஸோடு தொடங்கிய சண்டை, நவம்பர், டிசம்பர் என்று நீண்டு, சாப்பாட்டு நேரத்திலும் விட முடியாமல் போய், ஜூன் மாசம் லூத்தரன் தேவாலயத்தில் முடிந்தது. அடித்தளத்தில் இல்லை, மேலே. அவருக்கு டுலூத் பக்கம் பெரிய ஏலச் சந்தையில் வேலை கிடைத்து இரண்டு பேரும் அங்கே போய்விட்டார்கள். கல்யாணப் பரிசாக வெர்னா ஒரு சுருளைக் கொடுத்தாள், ரிப்பன் கட்டி. ரோண்டாவுக்குத்தான் அந்த எழுத்து படிக்கத் தெரியுமே. அங்கேயே பிரித்துப் படித்துவிட்டாள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை மாலை டுலூத்திலிருந்து வெர்னாவுக்கு போன் வருகிறது, பட்டயம் எந்த ஓரம் வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டு.